கையில்லாத கோட்டு

— "அம்மா, அப்பாவை எப்படியாவது அந்த வெயிஸ்ட்கோட்டைப் போட வச்சிடு"ன்னா நம்ம பொண்ணு. "நான் சொல்லி உங்கப்பா இதுவரைக்கும் எதைடி போட்டிருக்கார்?"னு கேட்டேன். "நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம், பக்கத்துல நின்னு சிரிக்காம இரு, அது போதும்"னா.

— இப்பவே சிரிக்கிறே.

— இல்லையே.

— கண்ணாடியில தெரியுது. பின்னாடி நின்னுக்கிட்டு தோள் குலுங்குது உனக்கு.

— தும்மல் வர்ற மாதிரி இருந்துச்சுங்க. சரி, திரும்புங்க, முழுசா பாக்கறேன். ம்.

— என்ன, ம்?

— நல்லாத்தான் இருக்கு. கையில ஒரு தட்டு இருந்தா இன்னும் எடுப்பா இருக்கும்.

— பாத்தீங்களா மாஸ்டர்! இதுக்குத்தான் வேண்டவே வேண்டாம்னேன். என் பொண்ணு கல்யாணத்துல விருந்தாளிங்க என்னைக் கை தட்டிக் கூப்பிட்டு, "இந்த மேஜைக்கு இன்னொரு சூப்பு"ன்னு சொல்லப் போறாங்க.

— சார், ஆடாதீங்க. குண்டூசி குத்திடும். நான் சொல்றேன் கேளுங்க. ஹோட்டல்ல போடறாங்களே, அது மொத்தமா தைக்கிறது. எல்லாருக்கும் பொருந்தும், அதனால ஒருத்தருக்கும் பொருந்தாது. உடம்புக்குன்னு தைச்ச வெயிஸ்ட்கோட்டு அப்படியில்ல சார். முதுகு தானா நிமிரும். விசேஷ வீட்டுல கையை எங்க வச்சுக்கறதுன்னு தெரியாம முழிக்கிற ஆம்பளைங்கல்லாம், இதைப் போட்டதும் ஒரு கட்டை விரலை இந்த பாக்கெட்டுல மாட்டிக்கிட்டு ஜம்முனு நிப்பாங்க.

— விரல் போக மாட்டேங்குதே மாஸ்டர்.

— அது மூடி தைச்சிருக்கு சார்.

— பாக்கெட்டையா?

— அழகுக்கு வச்சது. இப்ப எல்லாரும் அப்படித்தான் கேக்கறாங்க. உள்ள எதையாவது திணிச்சா முன்பக்கம் தொங்கிடும்.

— பாக்கெட் மாதிரி ஒரு பாக்கெட்! இங்க பாருங்க, நான் சர்வே ஆபீஸ்ல நிலம் அளந்து நிலம் அளந்தே கிழவனானவன். பென்சில், கண்ணாடி, டேப்பு, வரைபடம், எல்லாம் மேலேயே இருந்து பழக்கம். பாக்கெட் இல்லாத துணியை நான் துணியாவே மதிக்கிறதில்லை.

— பிரிச்சு விட்டுடாதீங்க மாஸ்டர், உங்களுக்குப் புண்ணியமா போகும். சாவி, சில்லறை, போன மாசத்து பஸ் டிக்கெட், எல்லாம் அதுக்குள்ள குடி வந்துடும். போட்டோவுல பொண்ணோட அப்பா கங்காரு மாதிரி நிப்பார்.

— நீ சும்மா இரு. மாஸ்டர், எனக்கு ஒரே ஒரு சந்தேகம். குளிருக்குன்னு போட்டா, கை வேணும். குளிர் இல்லைன்னா கோட்டே வேண்டாம். கையில்லாத கோட்டு எதுக்கு? இந்தக் காலத்துல ஒரு ஆம்பளை இதை ஏன் போடணும்? ஒரு காரணம் சொல்லுங்க, போட்டுக்கறேன்.

— மீசை எதுக்குங்க? அது மட்டும் குளிருக்கா வச்சிருக்கீங்க?

— ஹஹ்... அம்மா, சிரிக்க வைக்காதீங்க, வாயில குண்டூசி. காரணம்தானே சார்? நான் சொல்றேன் கேளுங்க. சட்டை மட்டும் போட்டா, ஆபீஸ்லேர்ந்து நேரா வந்துட்டார்னு நினைப்பாங்க. முழுக் கோட்டு போட்டா, சாப்பாட்டுப் பந்தியில முதல் வேலையா கழட்டி நாற்காலியில மாட்டிடுவீங்க. வெயிஸ்ட்கோட்டை யாரும் கழட்ட மாட்டாங்க. கடைசி விருந்தாளி போற வரைக்கும் பொண்ணோட அப்பா பொண்ணோட அப்பாவாவே தெரிவார். அதோட, வயித்துக்கு அது ஒரு மரியாதை.

— வயித்துக்கு என்ன?

— ஒண்ணுமில்லை சார். பொதுவாச் சொன்னேன். கடைசிப் பட்டனைக் கழட்டுங்க.

— இப்பத்தானே காஜாவைத் தேடிப் பிடிச்சுப் போட்டேன்.

— அதைப் போடவே கூடாது. திறந்துதான் இருக்கணும்.

— அப்புறம் எதுக்கு காஜா எடுத்து பட்டன் வச்சீங்க?

— வைக்கணும் சார். வைக்காம விட்டா தப்பு. போட்டாலும் தப்பு.

— யார் சொன்னா?

— எல்லாரும் அப்படித்தான் சார். மாப்பிள்ளைத் தோழனுங்களுக்கும் நான்தான் தைக்கிறேன். எவ்வளவு சொல்லியும் ஒருத்தனும் கேக்கலை. டீ ஷர்ட்டுக்கு மேல போடறான், ஜீன்ஸுக்கு மேல போடறான், பட்டனே போடாம கதவு திறந்த பீரோ மாதிரி விட்டுட்டு போறான். சரி, வயசுப் பசங்க, போட்டும். நம்ம வயசுக்கு அது சரிப்படாது.

— பட்டன் இருக்கும், போடக் கூடாது. பாக்கெட் இருக்கும், எதையும் வைக்கக் கூடாது. ஏங்க, உங்க அக்கா வாங்கிப் போட்டிருக்காங்களே ஒரு சோபா, அதே ஜாதி. பாக்கலாம், உக்காரக் கூடாது.

— அக்கா பேச்சை இங்க எதுக்கு இழுக்கறே?

— நான் சோபாவைத்தான் சொன்னேன்.

— பெல்ட்டையும் கழட்டிடுங்க சார்.

— அதுவுமா? பெல்ட் இல்லாம எனக்குப் பழக்கமே இல்லை மாஸ்டர்!

— பெல்ட்டு போட்டா வெயிஸ்ட்கோட்டுக்குக் கீழ முட்டிக்கிட்டு நிக்கும், எலி பூந்த மாதிரி. பேண்டை நல்லா மேல ஏத்துங்க. இன்னும். இன்னும் சார், கூச்சப்படாதீங்க. இதுக்கும் பேண்டுக்கும் நடுவுல சட்டை எட்டிப் பாக்கவே கூடாது. ஆங், அங்கேயே நில்லுங்க. அட, இது என்ன சார், நெஞ்சுல இவ்வளவு லூசு? ரெண்டு இன்ச் அப்படியே கையோட வருது.

— தப்பா வெட்டிட்டீங்களா?

— நானா? நீங்க போன்ல சொன்ன அளவுதான் சார். கடைக்கு ஒரு நடை வாங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். "நான் அளக்காத அளவா, நானே அளந்து அனுப்பறேன்"னீங்க. அதை வச்சுத்தான் வெட்டினேன். அம்மா, சார் இந்த மாசத்துல இளைச்சிருக்காரா?

— எனக்கு... பாத்தா தெரியலை மாஸ்டர்.

— தினம் பாக்கறவங்களுக்குத் தெரியாதும்மா. சரி, பின்னாடி ஒரு பட்டியும் பக்கிளும் இருக்கு பாருங்க. இதை இழுத்து விட்டா கொஞ்சம் இறுகும். ஆனா போட்டிருக்கறவர் கைக்கு எட்டாது. கல்யாணத்தன்னிக்கு வீட்டுல நீங்கதான் இழுத்து விடணும். இங்க வாங்க, ஒரு தடவை பழகிக்குங்க.

— நானா?

— பின்ன, பக்கத்து வீட்டுக்காரரா வருவார்? வாங்கம்மா. இப்படிப் பிடிச்சு, இந்தப் பல்லுல மாட்டி, ஒரே இழுப்பு.

— இப்படியா?

— ஐயோ! மெதுவா.

— மூச்சு வருதுல்ல?

— வருது. பாதி.

— அது போதும்.

— பிரமாதம்மா. அப்படியே நில்லுங்க ரெண்டு பேரும். மேல போய் இந்தக் கலர் நூல் எடுத்துட்டு வந்துடறேன். சார், உக்காந்துடாதீங்க, ஊசி இருக்கு.

— போயிட்டாரா?

— படி ஏறிட்டிருக்கார். மெதுவா பேசுங்க.

— அவர்கிட்ட ஏன் சொல்லலை?

— எதை?

— நாம ஒரே வீட்டுல இல்லைங்கிறதை.

— நீங்க சொல்ல வேண்டியதுதானே.

— நீ சொல்லுவேன்னு பாத்தேன்.

— அவர் பாட்டுக்கு "வீட்டுல நீங்கதான் இழுத்து விடணும்"ங்கிறார். "இல்லை மாஸ்டர், இவர் சைக்கிள் கடை மாடியில ஒத்தை ரூம்ல இருக்கார், நான் இவரோட வீட்டுல இவரோட அக்காவோட இருக்கேன்"னு சொல்லட்டுமா? வாயில இருக்கற குண்டூசியை முழுங்கிடுவார் மனுஷன். அப்புறம் அதுக்கும் நான்தான் மருந்து கொடுக்கணும்.

— உன் மருந்துக் கடை வேலை எப்படிப் போகுது?

— ஆஸ்பத்திரி இருக்கற வரைக்கும் அதுக்கென்ன? சீட்டைக் காட்டுவாங்க, "சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா"ன்னு கேப்பாங்க. ஏங்க, நிஜமாவே இளைச்சுட்டீங்களா?

— அது... இருக்கும்.

— என்ன இருக்கும்? ரெண்டு இன்ச்சுன்னா சும்மாவா? சுகர் பாத்தீங்களா? பசிக்குதா இல்லையா?

— பசிக்கெல்லாம் குறைச்சல் இல்லை. ஒத்தை ஆளு, ஒத்தை அடுப்பு. எதையோ வேக வைக்கிறது, எதையோ திங்கறது.

— ஒரே அடுப்பா?

— ஒண்ணேதான். ஒண்ணு வெந்து இறக்கினாத்தான் அடுத்தது.

— ஜன்னல் இருக்கா?

— இருக்கு ஒண்ணு. தெருவைப் பாத்து. கட்டிலை அந்தப் பக்கம் போட்டா காத்து வரும், ஆனா தள்ள எனக்கு ஒருத்தனால முடியலை.

— தண்ணி?

— அது எப்பவும் வரும். ஆனா குடிச்சியான்னு கேக்க ஆளில்லை.

— வீட்டுக்காரங்க?

— கீழ சைக்கிள் கடைக்காரர்தான். சாயங்காலம் பூட்டிட்டுப் போனா அப்புறம் மறுநாள்தான். நான் பாட்டுக்கு விட்டத்தைப் பாத்துக்கிட்டு கிடப்பேன்.

— யாரும் வந்து கதவைத் தட்ட மாட்டாங்களா?

— ஒருத்தர் கிடையாது.

— டி.வி.?

— அது கூட இல்லைன்னா பாத்துக்கோயேன். அப்படி ஒரு நிசப்தம். பைத்தியம் பிடிக்கும்.

— அடேயப்பா.

— என்ன அடேயப்பா?

— ஒண்ணுமில்லை. கஷ்டம்தான்.

— ஆமா. கஷ்டம்தான். வீடுன்னா வீடுதான். நாலு பேர் சத்தம், ஒரு கலகலப்பு...

— இறங்கி வர்றார். பேசாம நில்லுங்க.

— நூல் கிடைச்சிடுச்சு சார். வாங்க, இப்ப நானே ஒரு தடவை அளந்துடறேன். கையைத் தூக்குங்க. மூச்சை உள்ள இழுக்காதீங்க.

— இழுக்கலையே.

— இழுக்கறார் மாஸ்டர். முகம் சிவந்திருச்சு பாருங்க.

— விடுங்க சார், விடுங்க. நெஞ்சு நாப்பது. நீங்க அனுப்பினது நாப்பத்திரெண்டு. இடுப்பு முப்பத்தாறு. நீங்க அனுப்பினது முப்பத்தெட்டு. எல்லாத்துலயும் சொல்லி வச்ச மாதிரி ரெண்டு. சார், ஒரு ஆளு இளைச்சா இப்படி இளைக்க மாட்டான். வயிறு ஒரு பக்கம் போகும், நெஞ்சு ஒரு பக்கம் போகும். அதுவும் இந்தப் பேண்டு உங்களுக்குக் கொஞ்சம் பிடிக்குது. இளைச்சவர் பேண்டு எப்படிப் பிடிக்கும்?

— அதை நானும் இவரைக் கேக்கணும்னு நினைச்சேன் மாஸ்டர்.

— எதுல சார் அளந்தீங்க? நிலத்துக்கு இழுக்கற சங்கிலியிலயா?

— கிண்டலா? டேப்புலதான். பையில இருக்கு, எடுத்துக் காட்டறேன். இந்தாங்க. அடிச்சுச் சொல்றேன், அளந்ததுல தப்பு இருக்காது.

— சார்.

— என்ன?

— இது மூணுலேர்ந்து ஆரம்பிக்குது சார். முதல் ரெண்டு இன்ச் காணோம்.

— இங்க கொடுங்க மாஸ்டர்! இது என் டேப்பு!

— அம்மாவோடதா?

— இந்த நுனியைப் பொண்ணு சின்னவளா இருக்கறப்ப வெட்டினா மாஸ்டர், பொம்மைக்கு பெல்ட்டு போடறேன்னு. அன்னையிலேர்ந்து இதுல எதை அளந்தாலும் ரெண்டைக் கழிக்கணும்னு எங்க வீட்டுல பூனைக்குக்கூடத் தெரியும். நீங்க கழிக்கலையா?

— மறந்துட்டேன்.

— ஊரு நிலத்தையெல்லாம் அளந்து கல்லு நட்டவர்! வரப்பு ஒரு சாண் தள்ளிப் போச்சுன்னு ரெண்டு ஊர்க்காரங்களை மதியம் வரைக்கும் வெயில்ல நிக்க வச்சவர்! தன் நெஞ்சை அளக்கத் தெரியலை. நான் பாட்டுக்கு மனசுக்குள்ள என்னென்ன டெஸ்ட் எடுக்கணும்னு கணக்கு போட்டுட்டிருக்கேன்.

— கவலைப்பட்டியா?

— மருந்துக் கடைக்காரி, பழக்க தோஷம். ஆமா, இந்த டேப்பை வீடு பூரா தேடினேனே. பீரோ, பரண், மெஷின் டிராயர், ஒரு இடம் விடலை. உங்க அக்காதான் எங்கேயோ தூக்கிப் போட்டுட்டாங்கன்னு ஒரு வாரம் அவங்களோட முகம் கொடுத்துப் பேசலை. எதுக்கு இதை எடுத்துட்டுப் போனீங்க?

— பெட்டியில வந்துடுச்சு போல.

— அதுவா நடந்து வந்து பெட்டியில ஏறிக்கிச்சா?

— அம்மா, உங்க போன் அடிக்குது.

— பொண்ணுதான். இங்க மெஷின் சத்தத்துல கேக்காது, வாசல்ல நின்னு பேசிட்டு வர்றேன். இந்த டேப்பு என்கிட்ட இருக்கட்டும்.

— கழட்டிக் கொடுங்க சார், சைடு பிடிச்சுடலாம். பாத்து, ஊசி. சார், தப்பா நினைக்கலைன்னா ஒண்ணு கேக்கட்டுமா?

— கேளுங்க.

— ஒரே வீட்டுல இருக்கற டேப்பை, அம்மா ஏன் சார் வீடு பூரா தேடணும்?

— தைக்கிற வேலையை மட்டும் பாக்க மாட்டீங்களா மாஸ்டர்?

— பாத்துக்கிட்டேதான் கேக்கறேன். சொல்ல வேண்டாம்னா வேண்டாம்.

— ரெண்டு வருஷமாச்சு. வெளியூருக்கு மாற்றல் வந்துச்சு, சரின்னு கையெழுத்துப் போட்டுட்டு வந்து சொன்னேன். "என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா"ன்னா. "கேக்க என்ன இருக்கு, முடிவு பண்ணியாச்சு"ன்னேன். "அப்படின்னா போற இடத்துலேயே இருந்துக்குங்க"ன்னா. நானும் ரோஷத்துல போயிட்டேன்.

— அங்கேயேவா இருக்கீங்க இன்னும்?

— இல்லை மாஸ்டர், இங்க திரும்பி வந்தே ஏழு மாசம் ஆகுது. வீட்டுக்குப் பின்னாடி ரெண்டாவது தெருவுல, சைக்கிள் கடை மாடியில இருக்கேன்.

— ரெண்டு தெரு தள்ளி ஏழு மாசமா? ஏன் சார்?

— அவ "வாங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும்னு இருக்கேன். கல்யாண வேலை வந்ததுலேர்ந்து அடிக்கடி பாக்கறோம், பேசறோம். பத்திரிகையைப் பத்தி பேசறா, பந்தல் பத்தி பேசறா. அதை மட்டும் சொல்ல மாட்டேங்கிறா. இன்னிக்கு ரூமைப் பத்தி அவளாவே கேட்டா. எவ்வளவு மட்டமா சொல்ல முடியுமோ அவ்வளவு மட்டமா சொன்னேன். மனசு இளகும்னு பாத்தேன். "கஷ்டம்தான்"னு சொல்லி நிறுத்திட்டா.

— அந்த டேப்பு?

— அது எப்பவும் அவ கழுத்துல கிடக்கும், லீவு நாள்ல ஏதாவது தைச்சுக்கிட்டே இருப்பா. கிளம்பற அன்னிக்கு மெஷின் மேல கிடந்துச்சு. எடுத்துப் பெட்டியில போட்டுக்கிட்டேன். போதுமா?

— போதும் சார். நான் சொல்றேன் கேளுங்க. நீங்களே கேட்டுடுங்க.

— நானா?

— உங்க வீடு சார். நீங்க கேக்காம தபால்காரரா கேப்பார்?

— எனக்கு அதெல்லாம் வராது மாஸ்டர். இதுவரைக்கும் அவகிட்ட எதையும் கேட்டதில்லை. சொல்லித்தான் பழக்கம்.

— பழகிக்கலாம். இதுவும் ட்ரையல் பாக்கற மாதிரிதான். இந்த லைனிங் துணியைத் தோள்ல போட்டுக்கறேன், நான்தான் அம்மான்னு வச்சுக்குங்க. ம், கேளுங்க.

— இந்த மீசையோடவா?

— கேளுங்க சார், அம்மா வந்துடப் போறாங்க. "ஏங்க, என்னமோ கேக்கணும்னீங்களே?"

— இங்க பாரு. கல்யாணம் முடிஞ்சதும் நான் வீட்டுக்கு வந்துடறதா முடிவு பண்ணியிருக்கேன்.

— சார், இது நோட்டீஸு. சுவத்துல ஒட்டறது. கேள்வி இல்லை.

— சரி. கல்யாணம் முடிஞ்சதும் நான் வீட்டுக்கு வர்றதுல உனக்கு ஆட்சேபணை ஏதும் இருந்தா எழுத்து மூலமா...

— ஐயோ சார்! நிலத்துத் தகராறா இது? ஒரே வரி. "வரட்டுமா?" அவ்வளவுதான். கடைசில ஒரு இழுப்பு இழுக்கணும், அப்பத்தான் கேள்வி.

— வரட்டுமா.

— இழுக்கலை.

— வரட்டுமாஆ?

— அது கொஞ்சம் கூடிப் போச்சு. ஆனா பரவாயில்லை, வந்துடுவீங்க. கதவு சத்தம் கேக்குது. நான் மெஷினுக்குப் போறேன், பத்து நிமிஷம் வர மாட்டேன். கேட்டுடுங்க சார்!

— மாஸ்டர் எங்கங்க ஓடறார்?

— சைடு பிடிக்கப் போறார். பொண்ணு என்ன சொன்னா?

— "அப்பா போட்டாரா"ன்னா. "போட்டார்"னேன். "நல்லா இருந்தாரா"ன்னா.

— நீ என்ன சொன்னே?

— அவகிட்ட சொல்லிட்டேன்.

— என்கிட்ட சொல்ல மாட்டியா?

— சொன்னா தலைக்கேறிடும். அப்புறம் பால் வாங்கக்கூட அதையே போட்டுட்டுப் போவீங்க.

— அப்ப நல்லா இருந்தேன்.

— கடைசிப் பட்டனைப் போடாம இருந்தா. இருக்கட்டும், மாஸ்டர் எதுக்கு தோள்ல துணியைப் போட்டுக்கிட்டு, இடுப்புல கையை வச்சுக்கிட்டு உங்க முன்னாடி நின்னார்?

— பாத்தியா?

— கடை முன்பக்கம் பூரா கண்ணாடிங்க. தெருவுல போற ஒருத்தர் நின்னே பாத்துட்டுப் போனார். நான் அப்படியா நிப்பேன்?

— கிட்டத்தட்ட.

— சரி. என்ன ஒத்திகை?

— ஒண்ணு கேக்கணும் உன்னை.

— கேக்கணுமா? நீங்களா? சொல்லணுமா, கேக்கணுமா?

— கேக்கத்தான். முடிவெல்லாம் ஒண்ணும் பண்ணலை. கேக்கறேன். இங்க பாரு, கல்யாணம் முடிஞ்சு பொண்ணு அவ வீட்டுக்குப் போயிடுவா. நீ தனியா...

— தனியாவா? உங்க அக்கா இருக்காங்க. "வீட்டை ரிப்பேர் பண்றாங்க, மூணு மாசம் இருக்கேன்"னு வந்தாங்க. ரிப்பேர் முடிஞ்சு அதை வாடகைக்கும் விட்டாச்சு. உங்க சித்தப்பா பையன் இருக்கான், வேலை கிடைக்கிற வரைக்கும். அடுத்த மாசம் உங்க மாமா வர்றாராம், கண் ஆபரேஷனுக்கு. ஹால்ல டி.வி. ஒண்ணு, ரூம்ல டி.வி. ஒண்ணு. நான் தனியா இருந்து பாத்திருக்கீங்களா எப்பவாவது?

— அதைத்தான் சொல்ல வர்றேன். உனக்கும் ஒத்தாசையா இருக்கும். அதனால, நான்...

— வேண்டாங்க.

— நான் இன்னும் கேக்கவே இல்லையே!

— கேக்காதீங்க. என்ன கேக்கப் போறீங்கன்னு தெரியும். நீங்க கேட்டா நான் சரின்னு சொல்லிடுவேன். அந்த வாய்லேர்ந்து ஒரு கேள்வி வர்றப்ப மாட்டேன்னு சொல்ல எனக்குத் தெம்பு கிடையாது. அப்புறம் நான் கேக்க நினைச்சதைக் கேக்கவே முடியாமப் போயிடும்.

— நீ என்ன கேக்கணும்?

— நீங்க மாற்றல்னு வந்து நின்ன அன்னிக்கு நான் எதுக்குக் கத்தினேன்?

— உன்னைக் கேக்காம கையெழுத்துப் போட்டதுக்கு.

— அதுக்கு இல்லை.

— பின்ன? "போற இடத்துலேயே இருந்துக்குங்க"ன்னு சொன்னியே.

— "நீயும் வர்றியா"ன்னு ஒரு வார்த்தை வருதான்னு உங்க வாயையே பாத்துக்கிட்டு நின்னேன். வரலை. அந்தக் கோபம் அது.

— உனக்கு இங்க வேலை இருக்கு, வீடு இருக்கு. நீ வருவேன்னு நான் எப்படி நினைப்பேன்?

— மருந்துக் கடை எந்த ஊர்ல இல்லை? பொண்ணு அப்பவே ஹாஸ்டல்ல படிச்சுட்டிருந்தா. எனக்கு என்ன தடை? புதுப் புடவையை எடுத்து மடிச்சுக்கூட வச்சுட்டேன். நீங்க பாட்டுக்கு உங்க பெட்டியை மட்டும் பூட்டிக்கிட்டு, "அக்காவைப் பாத்துக்கோ"ன்னு சொல்லிட்டுப் போனீங்க.

— எனக்குத் தெரியாதும்மா. நிஜமாவே தெரியாது.

— தெரியாதுதான். நானும் சொல்லலை. கல்யாணம் ஆகி வந்த முதல் வாரம் கேக்கணும்னு நினைச்சேன், அப்ப வீட்டுல பதினோரு பேர். வாயைத் திறந்தா குடும்பத்தைப் பிரிக்க வந்தவன்னு பேரு வரும். அப்புறம் பொண்ணு பொறந்தா, அப்புறம் அவ படிப்பு, அப்புறம் உங்க அக்கா. யோசிச்சுப் பாருங்க, நாம ரெண்டு பேர் மட்டும் எதிரெதிரா உக்காந்து ஒரு வேளை சாப்பிட்டிருக்கோமா இதுவரைக்கும்?

— அந்த... அந்த ரயில்ல ஒரு தடவை.

— பக்கத்துல உங்க சித்தி இருந்தாங்க.

— ஆமா. இருந்தாங்க.

— இன்னிக்கு நீங்க அந்த ரூமைப் பத்திச் சொல்லச் சொல்ல, எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? யாரும் கதவைத் தட்ட மாட்டாங்களாம். டி.வி. கிடையாதாம். எப்பவும் தண்ணி வருமாம். இந்த மனுஷன் இவ்வளவு பெரிய சொர்க்கத்துல இருந்துக்கிட்டு என்னமா மூக்கால அழறார்னு பாத்தேன்.

— நான் உன் மனசு இளகட்டும்னு சொன்னேன்.

— இளகிடுச்சு. வீட்டுச் சாவி, மளிகைக் கடைக் கணக்கு, அந்த சோபா, எல்லாத்தையும் கல்யாணம் முடிஞ்ச மறுநாளே உங்க அக்கா கையில கொடுத்துட்டு ஒரே ஒரு பெட்டியோட வந்து நிக்கிறேன்; நீங்க அந்த வீட்டுக்கெல்லாம் வர வேண்டாங்க, என்னை உங்க ரூமுக்குக் கூட்டிட்டுப் போறீங்களா?